செம்பு ஏறிய தலைகள்

ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஜெபத்தில் கண் திறப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வழக்கம். யார் யார் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் ஒரு சந்தோஷம். அன்று என் கண்ணில் பட்டது தூங்குமூஞ்சிகள் இல்லை. காணிக்கை மேசையில், ஒரு பூசணிக்காய்க்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில், என் கண்ணாடி ஜாடி உட்கார்ந்திருந்தது. ஜாடிக்குள் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய். எண்ணெய்க்குள் எங்கள் பட்டறைக் கழிவில் கிடந்த செம்பு முழுவதும். சுருக்கமாகச் சொன்னால், அந்த ஜாடிக்குள் இருந்தது என் கணவர்.

கணவரை ஜாடியில் அடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்து நடந்த கூத்து யாருக்கும் புரியாது.

என் கணவர் ஹெப்ரான் திருநெல்வேலி பேட்டையில் உலோகப் பூச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். குத்துவிளக்கு, சைக்கிள் மணி, பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு வாங்கும் கோப்பை, எது வந்தாலும் முதலில் செம்புத் தொட்டியில் இறக்கி, அப்புறம் நிக்கல் தொட்டியில் இறக்கி, முகம் தெரிகிற மாதிரிப் பளபளக்க வைத்து அனுப்புவார். வாய்ப் பேச்சு குறைவு, கைப் பதனம் அதிகம். திருகாணி, மரை, சாவி என்று ஏதாவது வந்தால் பல் இருக்கும் பக்கத்துக்கு மெழுகு பூசிவிட்டுத்தான் தொட்டியில் விடுவார். பல்லில் பூச்சு ஏறினால் அது போக வேண்டிய ஓட்டையில் போகாது. மெழுகு பூச மறக்கிறவன் பூச்சு வேலைக்கு லாயக்கில்லை என்று எங்கள் கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு நீண்ட பிரசங்கமே செய்தார். அவர் செய்த ஒரே பிரசங்கம் அதுதான்.

சாமான்களைக் கழுவுகிற தண்ணீரோடு செம்பும் நிக்கலும் கலந்து பட்டறைக்குப் பின்னால் ஒரு தொட்டியில் போய்ச் சகதியாகப் படியும். மழை வந்தால் தொட்டி நிரம்பி வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் ஆற்றுக்குப் போகும். ஆற்றின் பேரே தாமிரபரணி, கூடக் கொஞ்சம் தாமிரம் சேர்ந்தால் என்ன குறைச்சல் என்று பட்டறைக்காரர்கள் கேலி பேசுவார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தத் தண்ணீரைத்தான் பாளையங்கோட்டையில் நான் குடிக்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்து இன்ஜினியர் குற்றாலலிங்கத்துக்கும் சிரிப்பு வரவில்லை. சோதனைக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காத மனிதர் அவர். சகதியிலிருந்து செம்பையும் நிக்கலையும் பிரித்துத் தன் கண் முன்னால் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டறைக்கு சீல் என்று சொல்லிவிட்டார். குறித்த நாள் பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை.

சீல் வைத்தால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. மஸ்கட்டில் இருக்கும் ஹெப்ரானின் சித்தப்பா மகன் அங்கே ஒரு பூச்சுக் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி, விசாவும் அனுப்பிவிட்டார். ஹெப்ரான் ஒரு தகரப் பெட்டி வாங்கி, பாஸ்போர்ட்டையும் விசாவையும் உள்ளே வைத்து, பூட்டிப் பித்தளைச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போது எனக்கு மூன்றாம் மாதம். எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு அப்பா என்றால் துபாயிலிருந்து வரும் கேசட். டேப்ரிக்கார்டரைத் தடவிக் கொடுத்து அப்பா என்று முத்தம் கொடுப்பான். என் பிள்ளை ஒரு டேப்ரிக்கார்டருக்கு முத்தம் கொடுப்பதை நினைத்தாலே எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வரும். எனக்குக் கோபம் கொஞ்சம் தாராளமாகவே வரும் என்று மாமியார் சொல்வார். உண்மைதான்.

நான் பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். உலோகத்தைப் பிரிக்கப் புத்தகத்தில் வழி இருக்கிறது. மண்ணெண்ணெயில் பம்பாயிலிருந்து வரும் ஒரு மருந்தைக் கலந்து, உலோகக் கரைசலோடு குலுக்கினால் செம்பு மட்டும் மண்ணெண்ணெய்க்கு ஏறிவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்தேன், வாசலுக்கு ஓடினேன், வாந்தி எடுத்தேன். மறுநாளும் அதே. மசக்கையில் எனக்குப் பிடித்த ஒரே வாசம் தேங்காய் எண்ணெய் வாசம். சரி, செம்பு ஏற ஒரு எண்ணெய்தானே வேண்டும், அது ஏன் தேங்காய் எண்ணெயாக இருக்கக் கூடாது என்று யோசித்தேன். பசுமைக் கரைப்பான், நஞ்சில்லாத வேதியியல் என்றெல்லாம் இப்போது வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பெரிதாக எழுதுகிறார்கள். அவர்களுடைய பசுமை எங்கே பிறந்ததோ தெரியாது. என்னுடையது வாந்தியில் பிறந்தது.

வீட்டுப் பின்கட்டில் பாதி எண்ணெயைக் காரம் போட்டுச் சோப்பாகக் காய்ச்சி, அதை அமிலம் விட்டு உடைத்து, மிதந்து வருகிற கொழுப்பு அமிலத்தை மீதி எண்ணெயில் கலந்தேன். குளிருக்கு உறையாமல் இருக்கக் கொஞ்சம் நல்லெண்ணெய். சகதியைக் கரைக்க, வினிகர் மாதிரிப் புளிக்கும் ராதாபுரத்துப் பனங்காடி. மாமியார் சாரம்மாளுக்கு அதுதான் ஊர், ஊறுகாய்க்கு வருகிற காடியில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். கரைசலையும் எண்ணெயையும் ஒன்றாக ஊற்றிக் குலுக்கிப் பட்டறை மேசையில் வைத்தேன். பைய எண்ணெய் மேலே பிரிந்தது. செம்பு முழுக்க அதில் ஏறி மயில் கழுத்தாக மின்னியது. நிக்கல் வரமாட்டேன் என்று அடம்பிடித்துக் கீழே தண்ணீரிலேயே இளம்பச்சையாக நின்றது. வேலையாட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் ஹெப்ரானைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் காது நுனி வரை சிவந்து, நிக்கல் தொட்டியைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் பின்தொட்டிச் சகதியிலிருந்த செம்பையெல்லாம் அதில் ஏற்றினேன். வாரக்கணக்கான வேலை. இனி ஒரே ஒரு படிதான் பாக்கி: ஏறிய செம்பை எண்ணெயிலிருந்து திரும்ப அமிலத்துக்கு இறக்கி, அந்தச் செம்பாலேயே ஒரு சாமானுக்குப் பூச்சு ஏற்றிக் காட்ட வேண்டும். அதைத் திங்கட்கிழமை இன்ஜினியர் கண் முன்னால் பேட்டரி ஆசிட்டை வைத்துச் செய்வது என்று திட்டம். பட்டறையில் எலி ஜாடியைத் தள்ளிவிடும் என்று பயந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எலிக்குப் பயந்தவள் மாமியாரை மறந்துவிட்டேன்.

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டாரும் அந்த வருஷம் தங்கள் கையால் விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து வைப்பார்கள். நெல், வாழைத்தார், கருப்பட்டி, கோழி, பாய், எதுவானாலும் சரி. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் வருவது கோயிலுக்கு. அதனால் ஒரு எலுமிச்சம்பழம் கூட அன்று ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். எங்கள் வீட்டிலிருந்து வருஷா வருஷம் ஒரு நிக்கல் கோப்பை போகும். இந்த வருஷம் சீல் பயத்தில் யாரும் கோப்பை செய்யவில்லை. மாமியார் அடுக்களை அலமாரியைப் பார்த்திருக்கிறார். மருமகள் மாதக்கணக்கில் பாடுபட்டுக் காய்ச்சியது கண்ணுக்கு அழகாக அங்கே இருந்திருக்கிறது. முந்தானையில் மூடிக்கொண்டு முதல் ஆளாகக் கோயிலுக்குப் போய் வைத்துவிட்டார்.

ஜெபம் முடியும் முன்பே நான் அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னதாக எனக்கு ஞாபகம். மூன்று வரிசைக்குக் கேட்டது என்று ஹெப்ரான் சொல்கிறார்.

"கையால செஞ்சதுல முதலாவது ஆண்டவருக்கு," என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமலே. "குடுத்ததைத் திரும்பக் கேக்கப்பிடாது, பிள்ள. வேணும்னா ஏலத்துல எடுத்துக்கோ."

அது நியாயமான வழியாகத்தான் தெரிந்தது. ஹெப்ரான் ஏலம் கேட்பார், எடுத்துக்கொள்வோம், வீட்டுக்குப் போவோம். ஆனால் ஏலம் விட்டது கிருபைராஜ். ஜவுளிக்கடையில் சேலை விரித்து விரித்துப் பழகிய நாக்கு அவருக்கு. ஜாடியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பச்சை வெளிச்சம் அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. எங்கள் டெபோரா டீச்சர் மாதக்கணக்கில் காய்ச்சிய தைலம் என்று தொடங்கி, கரிசலாங்கண்ணியைச் சேர்த்தார், மருதாணியைச் சேர்த்தார், என் ஜடையின் நீளத்தையும் சேர்த்தார். நான் பின்கட்டில் தேங்காய் எண்ணெய் காய்ச்சுகிற வாசம் தெரு முழுக்க ஏற்கெனவே பரவியிருந்ததால் அவருக்கு அதிகம் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை.

ஹெப்ரான் கை தூக்கினார். அதுதான் வினையாகப் போயிற்று. சொந்தக் காணிக்கையைச் சொந்தக்காரனே ஏலம் கேட்டு எங்கள் சபையில் யாரும் பார்த்ததில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. காய்ச்சினவளே திருப்பி வாங்கப் பார்க்கிறாள் என்றால் அதில் என்னமோ இருக்கிறது. உடனே இன்னொரு கை, அப்புறம் இன்னொன்று. ஏலம் தேங்காய் விலையில் தொடங்கி, சேவல் விலையைத் தாண்டி, கிடா விலைக்குப் போனது. நாங்கள் விடாமல் கேட்கக் கேட்க அவர்களும் விடாமல் கேட்டார்கள். என் முகத்தில் தெரிந்த தவிப்பே அந்த எண்ணெய்க்கு விளம்பரமாகிவிட்டது.

கிடா விலையில் மற்றவர்கள் ஓய்ந்தார்கள். ஜெயித்தோம் என்று நான் மூச்சுவிட்டபோது முன் வரிசையில் ஒரு கை எழுந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தானியேல் சார். தும்பைப் பூ மாதிரி வெள்ளைத் தலை. சபையில் பாதிப் பேருக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தவர், ஹெப்ரானுக்கும்தான். அவர் கை மேலே போனதும் என் கணவர் கை தானாகக் கீழே இறங்கியது. நான் கிள்ளினேன். கை இறங்கியது இறங்கியதுதான். சார் கேட்கும்போது நான் எப்படிக் கேட்பது என்கிறார் மனிதர். மஸ்கட் பெட்டி வீட்டில் பூட்டிக் கிடக்கிறது, இங்கே ஐந்தாம் வகுப்பு மரியாதை பெருக்கெடுத்து ஓடுகிறது.

ஜாடி தானியேல் சாருக்குப் போனது. அவர் மூடியைத் திறந்து, ஒரு கை அள்ளி, எல்லார் முன்னிலையிலும் உச்சியில் வைத்துத் தேய்த்தார். நான் எழுந்து ஓடினேன். சார், அது தைலம் இல்லை, அதில் இருப்பது செம்பு என்று சொன்னேன்.

"செம்புச் சொம்புல தண்ணி ஊத்தி வச்சிக் குடின்னு வைத்தியர் சொல்லுதாரு," என்றார் அவர் சாவதானமாக. "தலைக்கு மட்டும் ஆகாதாக்கும்."

செம்பு என்ற சொல் கூட்டத்தில் பரவியது. அதற்கு மேல் அந்த எண்ணெய்க்கு வேறு சிபாரிசு தேவைப்படவில்லை. ஆண்டவர் வீட்டுப் பொருள் ஒருத்தன் தலைக்கு மட்டும் ஆகிவிடக் கூடாது என்று தானியேல் சார் பெருந்தன்மையாக அறிவித்தார். ஏலம் முடிந்து சபையார் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்தில் முதியவர்கள் எல்லாரும் வலது கையில் சோறு, இடது கையில் எண்ணெய் என்று வாங்கினார்கள். சிலர் முழங்காலுக்கு, பலர் தலைக்கு. கடைசியில் ஜாடியைக் கவிழ்த்துத் தட்டி, விரல் விட்டு வழித்து, காலி ஜாடியை எனக்குப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நல்ல ஜாடி, ஊறுகாய் போட ஆகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். ஹெப்ரான் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முதுகைத் தடவிக் கொடுத்தார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் பாவம் என்று நினைத்துத் திரும்பினால், சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கிறார். வலது கையில் சோறு, இடது கையில் எண்ணெய் என்று சொல்லி மறுபடி சிரித்தார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். மஸ்கட்டுக்கு இவரை நானே அனுப்பிவைக்கலாம் என்று அந்த நேரம் தோன்றியது.

பொழுது சாய்கிற நேரத்தில் தானியேல் சார் வாசலில் வந்து நின்றார். தலையில் துண்டு. உள்ளே வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, துண்டை எடுத்தார். அந்தத் தும்பைப் பூத் தலை இளந்தளிர் மாதிரி பச்சையாக இருந்தது. புருவம் கூட.

"சோப்பு போட்டேன்," என்றார் அவர். "தேய்க்கத் தேய்க்க நல்லாப் பிடிக்குது. என் பேத்தி என்னைக் கிளின்னு கூப்பிடுதா."

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து துண்டுகள் வாசலில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முதலில் எனக்கு நினைவுக்கு வந்தது நிக்கல். நிக்கல் கலந்திருந்தால் தோல் வெந்து சொறி வரும். ஒவ்வொரு தலையாக விளக்குக்குக் கீழே குனியச் சொல்லிப் பார்த்தேன். அரிக்கிறதா, எரிகிறதா என்று கேட்டேன். யாருக்கும் ஒன்றும் இல்லை, பச்சையைத் தவிர. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நரைத்த முடி செம்பைப் பிடித்துக்கொள்ளும். சோப்பு அதை விடுவிக்காது. அப்படியானால் என் செம்பு எங்கேயும் போகவில்லை. பாளையங்கோட்டைத் தலைகளில் பத்திரமாக இருக்கிறது.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. ஹெப்ரான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். யாரும் தலையைக் கழுவக் கூடாது, தேய்த்த துண்டுகளையும் விடாமல் எடுத்துக்கொண்டு காலையில் பேட்டைப் பட்டறைக்கு வந்துவிட வேண்டும், பழைய தலை திரும்பக் கிடைக்கும் என்று உத்தரவு போட்டேன். தலைமையாசிரியரே அடக்கமாகத் தலையாட்டினார்.

மறுநாள் காலை பேட்டை பஸ்ஸில் துண்டு கட்டிய கூட்டம் ஏறியது. எந்தக் கோயிலுக்கு மொட்டை போட என்று கண்டக்டர் கேட்டாராம். ஆற்றுப் பாலத்தில் காற்று அடித்து ஒரு துண்டு பறந்ததும் அவர் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை என்று மாமியார் சொன்னார். மாமியார் மடியில் ஒரு சாக்கு எலுமிச்சம்பழம். தலையில் பேட்டரி ஆசிட் ஊற்ற முடியாது அல்லவா. எலுமிச்சைப் புளிப்புக்குச் செம்பு இறங்கும் என்று என் கணக்கு. புத்தகத்தில் இல்லாத கணக்கு. நான் கும்பிட்டுக்கொண்டு போட்ட கணக்கு.

பட்டறை முற்றத்தில் பேசின்களை வரிசையாக வைத்தோம். முதல் தலை தானியேல் சாருடையது. மாமியார் பிழிய, நான் ஊற்றித் தேய்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. விடாமல் தேய்த்தேன். பிறகு பேசினில் வடிந்த தண்ணீரில் லேசாக ஒரு நீலம் தெரிந்தது. இன்னொரு முறை ஊற்றினேன். நீலம் கூடியது, எண்ணெய்ப் பிசுக்கு வெளுத்து மேலே மிதந்தது. சார் தலை காதோரத்திலிருந்து வெள்ளையாகத் திரும்பி வந்தது. பக்கத்தில் நின்ற கிழவிகள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் அந்த ஈரத் தலையைப் பிடித்து முத்தமே கொடுத்திருப்பேன். மாமியார் நின்றுகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

பாதித் தலைகள் வெள்ளை, பாதித் தலைகள் பச்சை என்ற நிலையில் இன்ஜினியர் குற்றாலலிங்கம் ஜீப்பிலிருந்து இறங்கினார். சீல் வைக்கும் அரக்கும் துணியும் அவருடைய ஆள் கையில் இருந்தன. முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இங்கன என்னம்மா நடக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் எண்ணெய், காடி, ஜாடி, ஏலம், அசனம் எதையும் விடவில்லை. அவர் முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை. நிக்கல் உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியாமலா இதைச் செய்தாய் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நல்ல வேளையாக வந்தது, இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

"தெரியும் சார். நிக்கல் கூட ஏறியிருந்தா இந்நேரம் அம்புட்டு பேரும் சொறிஞ்சிட்டு நிப்பாங்க. செம்பு மட்டுந்தான் ஏறிச்சுங்கறதுக்கு இந்தத் தலைகளே சாட்சி."

இன்ஜினியர் நேராகப் போய் ஒரு பச்சைத் தலையைக் குனிந்து பார்த்தார். அரிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றது தலை. அடுத்ததைக் கேட்டார். அதுவும் இல்லை என்றது. பின்தொட்டியைக் காட்டச் சொன்னார். சகதி போய் அடி தெரிந்தது. நிக்கல் தண்ணீர் தனியாக ட்ரம்மில் நின்றது. கடைசியில், நீலத் தண்ணீரில் இருப்பது செம்புதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். பூச்சு ஏற்றிக் காட்டுகிறோம் என்றேன். உங்கள் தொட்டியில் தொங்கும் செம்புத் தகட்டைப் போடக் கூடாது, அதிலிருந்து ஏறியதை என்னிடம் காட்டி ஏய்க்கக் கூடாது என்றார்.

மேலே மிதந்த எண்ணெயை ஒதுக்கி, நீலத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஒரு கண்ணாடித் தொட்டியில் நிரப்பினோம். ஹெப்ரான் டார்ச் லைட் பேட்டரியை உடைத்து உள்ளே இருந்த கரிக்குச்சியை எடுத்து ஒரு கம்பியில் மாட்டினார். மறு கம்பியில் மாட்ட ஒரு பித்தளைச் சாமான் வேண்டும். சீல் பயத்தில் யாரும் சாமான் கொடுக்காததால் பட்டறையில் அன்று ஒன்றுமே இல்லை. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டார். எடுத்தது தகரப் பெட்டிச் சாவி. அப்படியே கம்பியில் கோத்துத் தொட்டிக்குள் இறக்கி மின்சாரத்தைப் போட்டார்.

எல்லாரும் தொட்டியைச் சுற்றிக் குனிந்தோம், வெள்ளைத் தலைகளும் பச்சைத் தலைகளும் ஒரு இன்ஜினியரும். மஞ்சள் சாவி மெல்லச் சிவந்தது. புதுச் செம்பின் அந்த ரோஜாச் சிவப்பை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று முதல் தடவை பார்க்கிறவள் மாதிரிப் பார்த்தேன். தண்ணீரின் நீலம் வெளுக்க வெளுக்கச் சாவியில் சிவப்பு கனத்தது. போதும் என்று நான் சொன்னேன். இருக்கட்டும் என்று ஹெப்ரான் மின்சாரத்தை இன்னும் கூட்டினார். அந்த இடைவெளியில் மிச்சத் தலைகளையும் கழுவி முடித்தோம்.

இன்ஜினியர் கரிக்குச்சியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், சாவியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பூச்சு உரியவில்லை. தன் ஆளைக் கூப்பிட்டு அரக்கை ஜீப்பில் வைக்கச் சொன்னார். அடுத்த மாதம் திரும்ப வருவதாகவும், இதே வேலையை அப்போது தலைகள் இல்லாமல் செய்துகாட்ட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மாமியாரிடம் திரும்பினார்.

"ஏம்மா, அந்த எலுமிச்சம்பழத்துல மிச்சம் இருந்தா எனக்கும் ஒரு தம்ளர் தாங்க."

மாமியார் தலைக்குப் பிழிந்ததுபோக மீந்த பழத்தையெல்லாம் பிழிந்து, கருப்பட்டி கரைத்து, ஒரு சொம்பாகவே கொடுத்தார். அவர் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்ததை நாங்கள் எல்லாரும் கண் கொட்டாமல் பார்த்தோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். மஸ்கட்டுக்கு விசாவைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். ஹெப்ரான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெட்டியை இழுத்து வைத்து நானே சாவியைப் போட்டேன். நுழையவில்லை. திருப்பிப் போட்டேன். நுனி கூட உள்ளே போகவில்லை. சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல் செம்பு தடித்து ஏறி, இடுக்கெல்லாம் அடைந்து கிடந்தது.

"மெழுகு பூச மறந்துட்டியளா?" என்று கேட்டேன்.

"நான் மெழுகு மறந்து நீ எப்பப் பாத்திருக்க?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். காது நுனி சிவந்திருந்தது. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்ஜினியர் அரக்கை ஜீப்பில் வைக்கச் சொன்னது அப்புறம்தான். அதற்கு வெகு நேரம் முன்பே, பட்டறை இருக்குமா போகுமா என்று யாருக்கும் தெரியாதபோதே, இந்தச் சாவி தொட்டிக்குள் இறங்கிவிட்டது.

பக்கத்து வீட்டில் அரம் இருக்கிறது, வாங்கி வரட்டுமா என்று மாமியார் அடுக்களையிலிருந்து கேட்டார். வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.